டீத்தண்ணி ஸ்டேஷனில் ஒரு கிடார் வேட்டை

டோக்கியோவில் ஒரு ரயில்வே ஸ்டேஷன். பெயர் ஒச்சனோமிஸு. நாலு தடவை சொல்லிப் பார்த்தும் வாயில் நிற்கவில்லை. "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று நண்பனிடம் கேட்டேன்.

"டீத்தண்ணி" என்றான்.

"விளையாடாதே!"

அவன் விளையாடவில்லை. 'ஒச்சா' என்றால் தேநீர். 'மிஸு' என்றால் தண்ணீர். நானூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டில் ஒரு கோயிலும் அதில் ஒரு ஊற்றும் இருந்ததாம். அந்தத் தண்ணியின் ருசிக்காக, நாட்டை ஆண்ட ஷோகன் குடிக்கிற டீக்கு இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போவார்களாம். இப்போது ஊற்றும் இல்லை, ஷோகனும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. புளியந்தோப்பில் போய்ப் புளியமரம் தேடுகிற கதைதான்!

இன்றைக்கு இந்த ஸ்டேஷனில் இறங்குகிற வாலிபர்களில் பலபேர் முதுகில் நீளமாக ஒரு கறுப்புப் பை. பைக்குள் கிடார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சரிவில் இறங்கினால் கிடார் கடை, அதற்கடுத்து கிடார் கடை, எதிர்த்தாற்போல் இன்னொரு கிடார் கடை. ரங்கநாதன் தெருவில் புடைவை தொங்குகிற மாதிரி இங்கே கிடார் தொங்குகிறது.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. வாங்கப் போனேன். அதுவும் புதுசு இல்லை, பழசு! கையில் ஒரு லட்ச ரூபாய். வீட்டில் பிரிட்ஜ் மாற்றுவதற்கென்று சேர்த்து வைத்த பணம். "பழைய கிடார் வருஷா வருஷம் விலை ஏறும். இப்ப ஒண்ணு வாங்கிப் போட்டா, அஞ்சு வருஷத்துல ரெண்டு பிரிட்ஜ் வாங்கலாம்" என்று மனைவியிடம் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். பி.காம். படித்தவன் போட்ட கணக்கு. அவள் நம்பவுமில்லை, தடுக்கவுமில்லை. "அதுவரைக்கும் பாலை எங்கே வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

* * *

நண்பன் காலேஜில் எனக்கு ரூம்மேட். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வசிப்பது நிஷி கசாய். நம்ம ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிற பேட்டை. அங்கிருந்து தோஸாய் லைனில் ஏறி ஓதேமாச்சியில் மாறி, சிவப்பு நிற மருனோஉச்சி லைனைப் பிடித்தால் ரெண்டாவது ஸ்டேஷன். பூமிக்கடியில் போய்க்கொண்டிருக்கிற ரயில், ஒச்சனோமிஸு வருவதற்குச் சற்று முன்னால் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்து, கண்டா ஆற்றைத் தாண்டி, மறுபடி பெருச்சாளி மாதிரி பொந்துக்குள் போய்விடுகிறது.

மேலே ஏறி வந்தால் ஹிஜிரி பாலம். 1927-ல் கட்டியது. அதன் கைப்பிடிச் சுவரோரம் எப்போதும் காமிராவும் கையுமாகக் கூட்டம். கீழே ஆற்றின் குறுக்கே சிவப்பு ரயில், அதற்கு மேலே ஆரஞ்சுப் பட்டை போட்ட ரயில், மஞ்சள் பட்டை போட்ட ரயில். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் போட்டோ எடுத்துவிட்டு ஜென்ம சாபல்யம் அடைந்த மாதிரி சிரிக்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் 1891-ல் கட்டி முடித்த நிக்கோலாய் தேவாலயத்தின் கூரை தெரிகிறது. ரயில் பாதையை ஒட்டியே நடந்து இடது பக்கம் திரும்பினால் மெய்தாய் தோரி. நம்ம கிடார் தெரு.

'மெய்தாய்' என்பது மெய்ஜி பல்கலைக்கழகத்தின் செல்லப் பெயர். அது இந்தத் தெருவிலேயே இருக்கிறது. சுற்றிலும் இன்னும் சில கல்லூரிகள். சரிவின் அடிவாரத்தில் ஜிம்போச்சோ, பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். ஆக, எந்நேரமும் மாணவர்கள் நடமாட்டம். 1965-ல் 'வென்ச்சர்ஸ்' என்கிற அமெரிக்கக் கோஷ்டி ஜப்பானில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தது. தேசம் பூராவும் எலெக்ட்ரிக் கிடார் பைத்தியம் பிடித்துவிட்டது. பெற்றோர் தலையில் கை வைத்தார்கள், வாத்தியக் கடைக்காரர்கள் கல்லாவில் கை வைத்தார்கள். மாணவர்கள் எங்கேயோ, கடை அங்கே!

* * *

முதல் கடைக்குள் நுழைந்ததும் கண் கூசியது. தரையிலிருந்து கூரை வரைக்கும் கிடார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை. வருஷம், மாடல், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று பொடி எழுத்தில் விவரம். எடைகூட இருக்கிறது. மூணு கிலோ அறுநூறு கிராம் என்று, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு எழுதுகிற மாதிரி!

விலையைப் பார்த்தேன். சைபர்களை ஆள்காட்டி விரலால் எண்ண வேண்டியிருந்தது. ஒரு யென் நம்ம காசில் ஏறக்குறைய அறுபது பைசா. அப்படிப் போட்டும் மயக்கம் தெளியவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த சிலவற்றின் அட்டையில் விலையே இல்லை. 'ஆஸ்க்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"கேக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். கேட்கிற மூஞ்சி உனக்கில்லை" என்றான் நண்பன்.

இங்கே எதையும் நாமாக எடுத்துத் தட்டிப் பார்க்கக் கூடாது. 'ஹீத்தே மோ ஈ தெஸ் கா?' என்று கேட்க வேண்டும். 'வாசித்துப் பார்க்கலாமா?' என்று அர்த்தம். உடனே கடைப்பையன் ஓடி வந்து, இறக்கி, சுருதி சேர்த்து, ஸ்டூல் போட்டு, ரெண்டு கையாலும் நீட்டுவான். பிரமாதமான மரியாதை. அதற்குப் பிறகு நாம் வாசித்தாக வேண்டும் என்பதுதான் கஷ்டம். எனக்குத் தெரிந்தது மூன்று கார்டு. பக்கத்து ஸ்டூலில் ஸ்கூல் யூனிபாரத்தில் ஒரு பொடியன் மின்னல் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தான். நான் ஜி கார்டைப் பிடித்து ஒரு தடவை 'ட்ரொய்ங்' என்று இழுத்துவிட்டு, தரத்தைப் பரிசோதித்த நிபுணன் போலத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காலேஜில் எங்களுக்கு 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. எந்தச் சாமானும் வாங்கின மறு நிமிஷத்திலிருந்து மதிப்புக் குறையும், வருஷத்துக்குப் பத்து சதவிகிதம் கழி, கடைசியில் நிற்பது காயலான் கடை மதிப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தெருவுக்கு எங்கள் வாத்தியார் வந்திருந்தால் டிகிரியையே திருப்பி வாங்கியிருப்பார்.

பெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தது 1954-ல். அன்றைய விலை 249 டாலர் 50 சென்ட். பழசாகவே, மாறாமல் இருக்கிற அந்தக் காலத்துக் கிடார் இன்றைக்குப் பல பத்தாயிரம் டாலர். 1965 ஜனவரியில் பெண்டர் கம்பெனியை சி.பி.எஸ். என்கிற பெரிய நிறுவனம் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன்பின் வந்ததெல்லாம் சுமார் என்று ஒரு பேச்சு. அதனால் 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தி', 'சி.பி.எஸ்.ஸுக்குப் பிந்தி' என்று கி.மு., கி.பி. மாதிரி காலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

கிப்சன் கதை இன்னும் வேடிக்கை. 1958-லிருந்து 60 வரை லெஸ் பால் என்ற மாடலை, ஓரம் சிவந்து நடு மஞ்சளாக, சூரிய அஸ்தமனம் மாதிரி ஒரு வர்ணத்தில் செய்தார்கள். விலை முந்நூறு டாலருக்குள். விற்கவில்லை! நிறுத்தியே விட்டார்கள். 1966-ல் எரிக் கிளாப்டன் என்கிற இங்கிலாந்து இளைஞர் இந்தக் கிடாரோடு ஒரு ரெக்கார்டில் வாசித்ததும், 'ஐயோ, இது எங்கே கிடைக்கும்?' என்று ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். 1968-ல் கிப்சன் மறுபடி லெஸ் பால் போட வேண்டி வந்தது. அன்றைக்கு விலை போகாமல் கிடந்த அந்தச் சரக்கு இன்றைக்கு லட்சக்கணக்கான டாலர். இன்டர்வியூவில் தேறாமல் அனுப்பப்பட்டவன் பிற்பாடு சேர்மனாக வந்து உட்கார்ந்த கதை!

* * *

பழசு என்றால் எல்லாப் பழசும் இல்லை சார். இதில் ஆடிட்டரைவிடக் கறாரான தணிக்கை உண்டு.

முதல் விதி: வர்ணம். பாலீஷ் போய், கீறி, வெடித்து, கை பட்ட இடத்தில் மரம் தெரிந்தாலும் பரவாயில்லை, கம்பெனியில் அடித்த வர்ணமாக இருக்க வேண்டும். அழகாக இருக்கட்டுமே என்று புதுசாக அடித்தீர்களோ, போச்சு, ஏறக்குறைய பாதி விலை! தலைப்பக்கம் ஒடிந்து ஒட்டியிருந்தாலும் அதே கதிதான். கிப்சன் மாதிரிக் கிடார்களுக்கு இது பரம்பரை வியாதி. தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். கழுத்துக்குள் கம்பி போக மரத்தைக் குடைந்த இடமும் அங்கேதான் முடியும். கீழே விழுந்தால் முதலில் அங்கேதான் முறியும்.

ரெண்டாவது விதி: உள்ளே இருக்கிற ஒயர், பற்று, பிக்கப் எதையும் தொட்டிருக்கக் கூடாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில் ஒரு எண் குத்தியிருப்பார்கள். 1376512 என்று இருந்தால், 137 என்பது அந்தக் குமிழைச் செய்த கம்பெனி, 65 வருஷம், 12 வாரம். அதாவது 1965-ன் பன்னிரண்டாவது வாரத்தில் செய்த குமிழ். 1963 கிடார் என்று சொல்லி விற்கிறவன் அங்கேதான் மாட்டுவான்! வவுச்சர் தேதியை வைத்து மானேஜரைப் பிடிக்கிற மாதிரி.

கீறல் விழுந்த பழசுக்கு இவ்வளவு கிராக்கி என்று தெரிந்ததும் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? 1995-லிருந்து பெண்டர், புதுக் கிடாரையே கீறி, தேய்த்து, துருப்பிடிக்க வைத்து, 'ரெலிக்' என்று பெயரிட்டு அதிக விலைக்கு விற்கிறான். கிழிந்த ஜீன்ஸுக்குக் கிழியாத ஜீன்ஸைவிட விலை கூட இல்லையா, அந்தத் தத்துவம்தான்.

மரக் கிடார் பக்கம் போனபோது என் தேசபக்திக்கு ஒரு அடி விழுந்தது. அமெரிக்க மார்ட்டின் கம்பெனியின் டி-28 ரெண்டு தொங்கின. ஒன்று 1968, இன்னொன்று 1971. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். காரணம் கேட்டேன். 1968-ன் முதுகும் விலாவும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். ஜப்பான்காரர்கள் 'ஹகாராண்டா' என்று பயபக்தியோடு சொல்கிறார்கள். அது கிடைப்பது அரிதானதால் 1969 கடைசியில் மார்ட்டின் வேறு மரத்துக்கு மாறிவிட்டது. என்ன மரம் தெரியுமா? நம்ம ஈட்டி மரம்! மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிறதே, அதேதான். "நம்ம ஊர் மரம்னா மட்டமாடா?" என்று நண்பனிடம் பொரிந்தேன்.

ஆனால், காது என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் முதுகு மரம் மட்டும் மாறி, மற்றதெல்லாம் ஒன்றாக ஆறு கிடார் செய்யச் சொல்லி, 52 கலைஞர்களிடம் கொடுத்தார்கள். மரம் தெரியக் கூடாது என்று கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி! எது உசத்தி மரம் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. 2018-ல் இந்த முடிவு வெளிவந்தது. வெளிவந்து என்ன? அட்டையில் விலை அப்படியேதான் இருக்கிறது. போதாததற்கு 1992-லிருந்து பிரேசில் ரோஸ்வுட்டுக்குச் சர்வதேசத் தடை. பர்மிட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. எனக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் தடையை வரவேற்றேன்.

* * *

என் ஒரு லட்சத்துக்கு ஏற்ற பழசு ஜப்பானியப் பழசுதான். 1970-களில் இங்கே கிரேக்கோ, டோக்காய் என்ற பெயர்களில் அமெரிக்கக் கிடார்களை அச்சு அசலாகக் காப்பியடித்தார்கள். தரமும் சளைத்ததில்லை. பொறுக்க முடியாமல் 1977-ல் கிப்சனின் தாய்க் கம்பெனி, ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற கம்பெனி மேல் கிடார் தலையின் வடிவத்தை வைத்து ஒரு கேஸ் போட்டது. பெண்டர் வேறு வழி பார்த்தது. 1982-ல் ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து 'பெண்டர் ஜப்பான்' தொடங்கி, மட்ஸுமோத்தோ ஊரில் இருக்கிற பூஜிஜென் தொழிற்சாலையில் கிடார் செய்து வாங்கியது. கிரேக்கோவைச் செய்துகொண்டிருந்ததும் அதே பூஜிஜென்தான்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மாடல் எண். ஒளிவுமறைவே கிடையாது. கிரேக்கோ இ.ஜி.800 என்றால் எண்பதாயிரம் யென். பெண்டர் ஜப்பான் எஸ்.டி.62-65 என்றால் 1962 மாடலின் பிரதி, அறுபத்தைந்தாயிரம் யென். பெயரிலேயே கொள்முதல் விலை! கணக்கெழுதுகிறவன் வைத்த பெயர் என்று சத்தியம் செய்வேன்.

மூன்றாவது கடையில் அது மாட்டியது. 1982 எஸ்.டி.62-65. கீறல் இல்லை. பெட்டி, குறிப்புப் புத்தகம், கழுத்து அட்டை எல்லாம் கூடவே. 1,68,000 யென். பட்ஜெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்தது. "முதல் சொந்தக்காரர் வாசிக்கவே இல்லையாம். வாங்கிப் பெட்டியிலேயே வெச்சுட்டாராம்" என்று நண்பன் மொழிபெயர்த்தான். கடைப்பையன் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கும் சந்தோஷம். நாற்பது வருஷம் தொடாமல் இருந்த சொத்து! சாயங்காலம் வரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, 'எதற்கும் இன்னொரு கடை பார்ப்போம்' என்று கிளம்பினோம். தமிழன் இன்னொரு கடை பார்க்காமல் எதை வாங்கியிருக்கிறான்?

* * *

நாலாவது கடையில் ஒரு மூலையில் துணி விரித்த மேஜை. பழசை விற்க வருகிறவர்களுக்கான இடம். அங்கே அறுபத்தைந்து வயசுக்கு மேல் ஒரு பெரியவர், முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு கறுப்புக் கிடார். எதிரே கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்து, பாரத்தில் குறித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்குப் பேர் சதேய். விலை மதிப்பீடு" என்றான் நண்பன் மெதுவாக. "எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் எங்களுக்குப் போடுறதுக்கும் இதே பேர்தான்."

"அப்ரைசலா?"

"அதேதான். ஆள் உட்கார்ந்திருக்கிற தினுசு பாரு, நான் உட்கார்றது மாதிரியே இல்ல?"

கிடாரின் எண்ணை இளைஞன் படித்தான். முதல் எழுத்து பி, அடுத்து 79. பூஜிஜென் கணக்கில் 1979 பிப்ரவரி. கிரேக்கோ இ.ஜி.800. "முதல் போனஸில் வாங்கினது" என்றார் பெரியவர். எண்பதாயிரம் யென், ஒரே தவணையில்.

இளைஞன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நண்பன் என் காதில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தலைப்பக்கம் ஒடிஞ்சு ஒட்டியிருக்கு."

பெரியவர் சிரித்தார். அவர் ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்களாம். வருஷக் கடைசிப் பார்ட்டியில், மேடையில் பேஸ் கிடார்க்காரர் தண்ணியில் தடுக்கி இதன் மேலேயே விழுந்துவிட்டாராம்.

பாரத்தில் ஒரு கோடு.

"பிக்கப் ரெண்டும் மாத்தியிருக்கு."

காமிராவை விற்று அமெரிக்க பிக்கப் வாங்கிப் போட்டாராம். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லையாம். இன்னொரு கோடு.

"சுருதிக் குமிழ்கள் ஒரிஜினல் இல்லை. இங்கே சுவிட்சுக்கு ஒரு ஓட்டை போட்டிருக்கு. வர்ணம்…"

வர்ணம் அவரே அடித்தது. பால்கனியில் பேப்பர் விரித்து, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. சிவப்பாக இருந்ததைக் கறுப்பாக்கினார். வலது கை உரசுகிற இடத்தில் அந்தக் கறுப்பும் தேய்ந்து, அடியிலிருந்து பழைய சிவப்பு தெரிந்தது. நீளமாக ஒரு கோடு.

அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு கதை. பாரத்தில் ஒவ்வொன்றும் ஒரு கழித்தல். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து நானும் அந்தப் பாரத்தின் கண்ணோடுதானே ஒவ்வொரு கிடாரையும் பார்த்துக்கொண்டு வந்தேன்?

"மன்னிக்கணும். இருபத்தஞ்சாயிரம் யென்தான் தரமுடியும்" என்றான் இளைஞன். தலை குனிந்து, மெல்லத்தான் சொன்னான். "எதையும் மாத்தாம வெச்சிருந்தீங்கன்னா நாலு மடங்கு தந்திருப்போம்."

"மாத்தாம வெச்சிருந்தா எப்படி வாசிக்கிறது?" என்றார் பெரியவர். வருத்தமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்.

ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்க ஆம்ப்ளிபயரில் சொருகினார்கள். இளைஞன் வாசிக்கப் போனவன், ஏதோ தோன்றி அவரிடமே நீட்டினான். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாக ஒரு ப்ளூஸ். பெரிய வித்தையெல்லாம் இல்லை. விரல் சில இடத்தில் தாமதமாக வந்தது. ஆனால், கை அந்தக் கிடாரில் எதையும் தேடவில்லை. நம் வீட்டில் கரண்ட் போனால் இருட்டில் நேரே போய் மெழுகுவர்த்தியை எடுக்கிறோமே, அது மாதிரி. பக்கத்தில் மின்னல் வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்த ரெண்டு பையன்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ரெண்டு நிமிஷம் இருக்கும். முடித்துவிட்டுத் தானே ஒயரைக் கழற்றினார்.

மகள் வீட்டுப் பக்கத்தில் சின்ன பிளாட்டுக்குக் குடிபோகிறாராம். சுவர் மெல்லிசு, இடமும் இல்லையாம். பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கென்று ஜப்பானில் 1949-லிருந்தே சட்டம் இருக்கிறது. திருட்டுச் சொத்து வராமலிருக்க, விற்கிறவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் பதிவு செய்ய வேண்டும். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிரிச்சுப் பாகம் பாகமா வித்துடுவீங்களா?"

"இல்லை. சரி பண்ணி மாட்டுவோம்" என்றான் இளைஞன்.

பெரியவர் எழுந்து அவனுக்குத் தலை வணங்கினார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, கிடாருக்கும் ஒரு வணக்கம். காலிப் பையை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சரிவில் ஏறி ஸ்டேஷன் பக்கம் போகிற வரை நாங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பன் வழக்கமாக ஏதாவது ஜோக் அடிப்பான். அடிக்கவில்லை.

"அதை நான் வாங்கிக்கறேன்னு சொல்லு" என்றேன்.

"உன் இன்வெஸ்ட்மென்ட்?"

"சொல்லுடா!"

உடனே தர முடியாதாம். சுத்தம் செய்து, பிரெட் சரி பார்த்து, பில் போட மூணு, நாலு வாரம் ஆகுமாம். எனக்கு மறுநாள் மறுநாள் பிளைட். மூன்றாவது கடைக்குத் திரும்பிப் போய், எடுத்து வைத்திருந்த கீறல் இல்லாத பெண்டருக்கு 'ஸுமிமாசென்' சொன்னேன். மன்னிக்கணும் என்று அர்த்தம். கடைப்பையன் கொஞ்சம்கூட முகம் சுளிக்காமல் அதைப் பெட்டியில் படுக்க வைத்து மூடினான். பாவம், இன்னொரு நாற்பது வருஷத்துக்கு அதற்குத் தூக்கம்தான்.

* * *

வெறுங்கையோடு வீடு வந்தேன். பணம் முழுசாகத் திரும்பி வந்ததில் மனைவிக்குப் பரம திருப்தி. இருபத்தெட்டாவது நாள் நண்பனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுவரில் கறுப்புக் கிடார். கழுத்தில் அட்டை. விலை 49,800 யென். நம்ம காசில் சுமார் முப்பதாயிரம். கீழே, தலை ஒடிந்தது முதல் ஓட்டை வரைக்கும் எல்லாக் குற்றப்பத்திரிகையும். கடைசி வரியில் அதன் தரம்: 'பிளேயர்ஸ் கண்டிஷன்'.

இந்த வியாபாரத்தில் அது ஒரு சாக்கு வார்த்தை. சேகரிக்கிறவர்களே, இது உங்களுக்கு இல்லை, வாசிக்கிறவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று அர்த்தம். 'வாங்கிடு' என்று பதில் அனுப்பினேன். டிசம்பர் லீவில் ஊருக்கு வந்தபோது நண்பன் அதைக் குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். தேய்ந்த இடத்தை விரலால் தடவினாள்.

"ஏங்க, இதுக்கு அஞ்சு வருஷத்துல எத்தனை பிரிட்ஜ் வரும்?"

"பிரிட்ஜ் கதவுகூட வராது."

"அப்புறம் எதுக்கு?"

பெரியவர் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அந்த ஒரு வாரம் பேசாம இருந்த அம்மா பாவம்" என்றாள். மீதி எழுபதாயிரத்தில் மறுநாளே பிரிட்ஜ் வந்துவிட்டது. பாலுக்கும் ஆபத்தில்லை, எனக்கும் ஆபத்தில்லை. கிடாரில் இப்போது நாலாவது கார்டு வரைக்கும் வந்திருக்கிறேன். என் வலது கை சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில்தான் போய் உட்காருகிறது.

உங்கள் ஆபீஸிலும் சீக்கிரம் அப்ரைசல் வரும். மானேஜர் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கோடு கோடாகக் கழித்துக்கொண்டே வருவார். அப்போது பதறாமல், "சார், நான் பிளேயர்ஸ் கண்டிஷன்!" என்று சொல்லிப் பாருங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.